புதன்கிழமைத் திருத்தங்கள்

அவர் என்னோடு முதன்முதலாக நாலு வசனம் சேர்த்துப் பேசியது, தான் சொன்னது பிழை என்று சொல்லத்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெருவில் இருந்த ஒரு ஃபோட்டோக்கொப்பிக் கடையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். பேராசிரியர்கள் தங்கள் பாடத்துக்கு வேண்டிய கதைகளையும் கட்டுரைகளையும் கொண்டுவந்து தருவார்கள். நாங்கள் பிரதி எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி, மாணவர்களுக்கு விற்போம். அப்படி ஒருமுறை அந்தப் பேராசிரியர் தந்த தாள்கட்டுக்குள் ஒரு ஜப்பானியக் கதை ஆங்கிலத்தில் இருந்தது. மெசின் ஓட ஓட நான் அதை வாசித்துக்கொண்டு நின்றேன். கதை எப்படி என்று கேட்டார். மாமியார் கடைசியில் மருமகளை மன்னித்ததாக எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் அவள் மன்னிக்கவில்லை, களைத்துப்போய்விட்டாள், அவ்வளவுதான் என்றேன். அவர் சிரித்தார். "இல்லை, அது மன்னிப்புத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவரும் நின்றார். முறை வந்ததும் கையில் ஒரு தாளும் இல்லாமல் என் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னார்: "ஒரு திருத்தம். போன வெள்ளிக்கிழமை நான் சொன்னது பிழை. நீங்கள் சொன்னதுதான் சரி. இருபது வருடமாக அந்தக் கதையைப் பிழையாகப் படிப்பித்து வந்திருக்கிறேன்." பிறகு தலை குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார்.

கடை முதலாளி ரஞ்சன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தான். என்னிலும் பதினைந்து வயது இளையவன், எழுபதுகளிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்துவிட்டவன்.

"என்னவாம் மாஸ்டர் அந்தாள்? கொம்ப்ளெயினே?"

"இல்லைத் தம்பி. மன்னிப்புக் கேட்டுப்போட்டுப் போறார்."

"கஸ்டமரோ? எங்களிட்டையோ?" ரஞ்சன் கதவைப் பார்த்தான். "ஆளுக்கு ஏதும் சுகமில்லையோ?"

மாஸ்டர் என்பது என் பழைய உத்தியோகம். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் ஆங்கில இலக்கியம் படிப்பித்தேன். கனடாவில் அது பெயராக மட்டும் மிஞ்சியது. மனைவியும் மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில், விசாவுக்குக் காத்திருந்தார்கள். நான் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில், தவம் என்ற ஊர்ப் பொடியனோடு ஓர் அறையைப் பங்கிட்டு இருந்தேன்.

பேராசிரியருக்கு அறுபது வயதிருக்கும். குள்ளமான, சுத்தமான மனிதர். மாணவராகக் கனடாவுக்கு வந்து, படித்து முடித்து, அங்கேயே ஜப்பானிய இலக்கியம் படிப்பிக்கத் தொடங்கியவர். அதேநேரம் ஜப்பானில் அவர் பெயர் தெரிந்த நாவலாசிரியர். முப்பத்து மூன்று வயதில் எழுதிய முதல் நாவலுக்குப் பெரிய பரிசு கிடைத்ததாம். ரொறன்ரோவில் அவருடைய சக பேராசிரியர்கள் பலருக்கு அவர் நாவல் எழுதுகிறவர் என்பதே தெரியாது. இரண்டாவது நாவல் வெளிவந்த கையோடு, அது மோசமான நாவல், வாசகர்கள் பொறுத்தருள வேண்டும் என்று தானே ஒரு பத்திரிகையில் எழுதினார். பதிப்பகத்தார் ஆறு வருடம் அவரோடு பேசவில்லை.

"ஏன் அப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டேன்.

"மோசமாக இருந்தது" என்றார்.

புதன்கிழமைகளில் எனக்குக் காலையோடு வேலை முடிந்துவிடும். தன் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னார். பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். வகுப்புத் தொடங்கியதும் மேல்பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, "திருத்தங்கள்" என்றார். "போன கிழமை, மூன்றாம் அத்தியாயத்தில் மழை பெய்கிறது என்று சொன்னேன். மழை பெய்யவில்லை. அந்த மழையை எங்கேயிருந்து கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. போன கிழமை, ஒரு மாணவி கேட்ட கேள்வி முக்கியமில்லை என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில், என்னால் பதில் சொல்ல முடியாததால்தான் அப்படிச் சொன்னேன் என்று கண்டுபிடித்தேன்." இப்படி ஐந்து நிமிடம். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

அது எப்போதும் இனிமையான பழக்கமாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒருமுறை ஒரு பெடிச்சியின் கட்டுரைக்கு ஏ கொடுத்துவிட்டு, மறுவாரம் அவளை வாசலில் மறித்து, "திரும்ப வாசித்தேன். அது பி தான்" என்றார். அவள் அழுதாள். அவர் முகம் வாடிப்போனது. ஆனால் புள்ளியை மாற்றத்தான் செய்தார். அன்று எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம் வந்தது.

ஏன் இந்தப் பழக்கம் என்று ஒருநாள் கேட்டேன். இலை கொட்டிக் கிடந்த நடைபாதையில் இரண்டு பேரும் நடந்து போய்க்கொண்டிருந்தோம்.

"யுத்தம் முடிந்தபோது எனக்குப் பத்து வயது" என்றார். "வசந்த காலத்தில் எங்கள் ஆசிரியர் பாடப்புத்தகத்தில் யுத்தத்தைப் போற்றும் சில வரிகளை மனப்பாடம் செய்யச் சொன்னார். சொல்லாதவனுக்கு அடி. இலையுதிர் காலத்தில், நாங்கள் தோற்ற பிறகு, அதே ஆசிரியர் அதே புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். பன்னிரண்டாம் பக்கம், மூன்றாம் வரியிலிருந்து ஏழாம் வரி வரை மை பூசுங்கள் என்றார். மேலிடத்து உத்தரவு. நாங்கள் மை அரைத்துத் தூரிகையால் கறுப்பாகப் பூசினோம். அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்."

"பிறகு?"

"பிறகு ஒன்றுமில்லை. நான் உங்களுக்குப் பிழையாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தோம். அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வகுப்பிலும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பிழை விட்ட நாட்கள் எனக்கு நினைவிருந்தன.

இனி நான் செய்த காரியம். இன்று எனக்கு எண்பத்து மூன்று வயது. அவர் ஓய்வுபெற்று ஜப்பானுக்குத் திரும்பிப் பல வருடமாகிறது, இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அவர் அப்போது ரோக்கியோ மாத இதழ் ஒன்றில் ஒரு தொடர் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். பென்சிலால்தான் எழுதுவார். அதற்கென்று ஒரு தாள் இருக்கிறது: மெல்லியது, ஒரு பக்கத்தில் நானூறு கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து, மேலிருந்து கீழாக. ஜப்பானில் எழுத்தாளன் கையெழுத்துப் படியைத்தான் பதிப்பாசிரியரிடம் கொடுப்பது மரியாதை. ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் எங்களிடம் ஒரு பிரதி எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டு, மூலத்தைப் பக்கத்துத் தபால் கந்தோரில் அனுப்புவார். என்னிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. மெசினின் மேலே தாள்களைத் தானாக இழுத்துக்கொள்ளும் தட்டில் அவற்றைப் போடக்கூடாது. ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் கையால் வைக்கவேண்டும்.

ஒரு வருடம் அப்படியே செய்தேன். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் எண்ணிப் பார்ப்பார். ஒருநாள் எண்ணவில்லை. "ஒரு வருடமாக உங்களை எண்ணினேன். அது மரியாதையில்லை. இனி எண்ணமாட்டேன்" என்றார்.

ஜனவரியில் வகுப்புகள் தொடங்கும் கிழமையில் எங்கள் வரிசை வாசலுக்கு வெளியே பனிக்குள் நிற்கும். அந்த வெள்ளிக்கிழமை அவர் நாற்பத்தொரு தாளைத் தந்துவிட்டு, உறை வாங்கத் தபால் கந்தோருக்குப் போனார். ரஞ்சன், "மாஸ்டர், கெதியா, கெதியா" என்று கத்திக்கொண்டிருந்தான். நான் முப்பத்தாறு தாளைக் கையால் வைத்தேன். மிச்சம் ஐந்துதானே என்று தட்டில் போட்டேன்.

கசங்கும் சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து இழுத்தபோது முப்பத்தேழாம் பக்கம் இரண்டு துண்டாக, மடிப்பு மடிப்பாக வந்தது.

அப்போதே அவரிடம் காட்டியிருக்கலாம். ஆனால் அதற்கு முதல் கிழமைதான் ஒரு மாணவனின் ஆய்வேட்டைத் தலைகீழாகக் கட்டியிருந்தேன். "இன்னொருக்கா உப்பிடி நடந்தா நான் யோசிக்க வேண்டி வரும் மாஸ்டர்" என்று ரஞ்சன் சொல்லியிருந்தான். மனைவியையும் மகளையும் கூப்பிடுவதற்கு எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று அவன் ஒரு கடிதம் தரவேண்டியிருந்தது. கடிதம் அவன் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. நான் அந்த இரண்டு துண்டையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். மிச்ச நாலையும் கண்ணாடியில் வைத்து எடுத்து, நாற்பது தாளை அடுக்கிக் கொடுத்தேன். அவர் எண்ணவில்லை. வணங்கிவிட்டுப் போனார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து, பசைநாடாவால் ஒட்டினேன். மூலையில் பெருவிரல் அளவு ஒரு துண்டு இல்லை, மெசின் தின்றுவிட்டது. தவம் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவன் குனிந்து பார்த்தான்.

"உதென்ன மாஸ்டர், கட்டம் கட்டமாக் கிடக்கு? சாதகமே?"

"ஓம். சாதகம்தான்."

"ஆற்றை?"

"என்ரை." பிறகு நடந்ததைச் சொன்னேன்.

தவம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "ஒரு பக்கம்தானே மாஸ்டர். கிழிச்செறிஞ்சுபோட்டுப் படுங்கோ. நாப்பது பக்கத்திலை ஒண்டு இல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான்.

இலக்கியம் படிப்பித்த நான் அன்று அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டேன். ஆனால் தாளைக் கிழிக்கக் கை வரவில்லை. குடிவரவுக் கடிதங்கள் வைத்திருந்த கோப்புக்குள் வைத்தேன்.

மூன்றாம் கிழமை அவர் வந்தார். ரோக்கியோவிலிருந்து தொலைபேசி வந்ததாம். முப்பத்தாறுக்குப் பிறகு முப்பத்தெட்டு. தன்னுடைய பிரதியிலும் இல்லை. "ஒருவேளை மெசினுக்குள் தங்கியிருக்குமா?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை சேர்" என்றேன். "ஒவ்வொரு முறையும் நான் பார்ப்பேன்."

ரஞ்சன் எழுந்து வந்தான். "புரொபசர், இவர் எங்கள் ஊரில் பெரிய ஆசிரியர். இவர் கையில் ஒன்றும் தவறாது" என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னான். எனக்காக அவன் அப்படி நிமிர்ந்து நின்றதை இப்போதும் என்னால் வெட்கமில்லாமல் நினைக்க முடியவில்லை.

"அப்படியானால் நான்தான் எங்கேயோ வைத்துவிட்டேன்" என்றார் அவர். அந்தப் பக்கத்தை நினைவிலிருந்து திரும்ப எழுதித் தொலைநகலில் அனுப்பினார். பென்சில் தெளிவாக விழாதென்று மையால் எழுதினாராம்.

அடுத்த புதன்கிழமை வகுப்பில் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அன்று ஒரேயொரு திருத்தம்தான்.

"என்னுடைய கையெழுத்துப் படியில் ஒரு தாள் தொலைந்தது. அது ஒரு கடையில் தொலைந்தது என்று நினைத்தேன். மூன்று நாள் ஒரு மனிதரைச் சந்தேகித்தேன். அவரிடம் கேட்டேன். இல்லை என்றார். அவர் நேர்மையானவர். அந்தச் சந்தேகத்தைத் திரும்பப் பெறுகிறேன். மனதுக்குள் நினைத்ததுதான் என்றாலும் அதுவும் ஒரு தவறுதான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்பது பேருக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். எழும்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் அடுத்த பாடத்துக்குப் போனார்.

பத்து நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தவம் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திட்டினான்.

"சோறு வைச்சபடி கிடக்கு. என்ன மாஸ்டர், உண்ணாவிரதமே?"

"அந்தப் பேப்பர் தவம்."

"கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோவன். அந்தாள் என்ன, சுடவே போறார்? நாங்கள் ஆர் ஆருக்கெல்லாம் தப்பி வந்தனாங்கள். ஒரு கிழட்டுப் புரொபசருக்குப் பயந்து சாகப்போறியளே?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோப்போடு அவருடைய அறைக்குப் போனேன். ஒட்டிய தாளை மேசையில் வைத்தேன். "சேர், நான் தட்டில் போட்டேன். கிழிந்தது. ஒளித்தேன். நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன்" என்றேன். வழியெல்லாம் தயார் செய்த நீளமான ஆங்கிலம் ஒன்றும் வரவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அந்தத் தாளை வாசித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து தான் திரும்ப எழுதிய பக்கத்தை எடுத்து வாசித்தார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடியும் வாசித்தார். திரும்ப எழுதியதே நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லவேண்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடிக்கொண்டு நின்றேன்.

ஒட்டிய தாளின்மேல் விரலை வைத்தார். "இதுதான் நல்லது."

"சேர்..."

"ஒரு பெண் கணவனின் வீட்டு வாசலில் நின்று ஈரக் குடையை உதறுகிறாள். இரண்டாவதில் அவள் ஏன் தட்டத் தயங்குகிறாள் என்று விளக்கிவிட்டேன். முதலாவதில் விளக்கவில்லை. குடையை மட்டும் உதறுகிறாள்." கண்ணாடியைக் கழற்றினார். "இதழ் அச்சாகிவிட்டது. புத்தகமாக வரும்போது மாற்றலாம். ஏன் ஒளித்தீர்கள்?"

வேலைக் கடிதத்தைச் சொன்னேன். மனைவியையும் மகளையும் சொன்னேன்.

"அது ஒரு காரணம். வேறு?"

"வெட்கம்."

"ஆம்" என்றார். குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஒரு வரி எழுதினார். "வகுப்பில் நான் ஒரு பிழையான விஷயத்தைச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை அதைத் திருத்தவேண்டும். உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன். நீங்கள் வரவேண்டிய அவசியமில்லை."

திரும்பிக் கடைக்கு வந்து ரஞ்சனிடமும் சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"மாஸ்டர்! நான் உங்களுக்காக அந்தாளுக்கு முன்னாலை நிண்டு கதைச்சனான்!"

"தெரியும் தம்பி. பிழை என்ரை. வேலையாலை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டும்."

"எப்பிடி நிப்பாட்டுறது? உங்கடை கடிதத்தை முந்தநாள்தானே கையெழுத்து வைச்சு அனுப்பினனான். நிரந்தர வேலை எண்டு எழுதியிருக்கு. இனி உங்களைக் கலைச்சால் நான்தான் பொய்க்காரன்." மேசையில் இருந்த துணியைத் தூக்கி எறிந்தான். "போய் மெசினைத் துடையுங்கோ. அந்தத் தட்டிலை இனிக் கை வைச்சால் கையை முறிப்பன்."

புதன்கிழமை போனேன். போகாமல் இருக்கலாம் என்று அவர் சொன்னதுதான் என்னைப் போகவைத்தது. அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "இரண்டு கிழமைக்கு முன்பு ஒரு சந்தேகத்தைத் திரும்பப் பெற்றேன். திருத்தம். அந்தச் சந்தேகம் சரி."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் எழுந்து நின்றேன். நிற்பதற்கு முன்பு அதைப் பற்றி யோசிக்கவில்லை.

"அந்த மனிதன் நான்" என்றேன். "நான் ஓர் ஆசிரியனாக இருந்தவன். அவர் நம்பித் தந்த தாளைக் கிழித்து, ஒளித்து, அவருடைய முகத்துக்கு நேரே பொய் சொன்னேன். நான் செய்தது பிழை." இதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் உடனே உட்காரத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கும் சேர்த்து நின்றேன் என்று நினைக்கிறேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையிலிருந்து ஒரு மாணவி அவரிடம் கேட்டாள். "அவரை மன்னித்துவிட்டீர்களா?"

அவர் யோசித்தார். பொய்யாக யோசிக்கத் தெரியாத மனிதர் அவர். "இல்லை" என்றார். "எனக்குக் கோபமாக இருக்கிறது. பனி கரையும்வரை இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கு நாங்கள் இருவரும் வகுப்பு முடிந்ததும் சேர்ந்து சாப்பிடப்போகிறோம்." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு வசதியாக இருந்தால்" என்றார்.

சீனக் கடைத்தெருவில் நிலவறைக்குள் இருந்த ஒரு சின்னக் கடைக்குப் போனோம். அவர் கோபமாக இருக்கிறேன் என்று சொன்னது உண்மைதான். இரண்டு கிண்ணம் நூடில்ஸ் சூப் சொன்னதோடு வாயை மூடிக்கொண்டார். சூப் வந்தது. குனிந்து சாப்பிட்டார். ஒருமுறைகூட நிமிரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, சமாதானத்துக்காக ஒரு புன்னகைகூடச் செய்யவில்லை. எதிரே உட்கார்ந்து நான் ஆவி பறக்கும் அந்தக் கிண்ணத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். இன்னும் பசித்தது. இன்னொரு கிண்ணம் சொன்னேன்.